ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அம்மா, மகள், நான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே சோபாவில் இருப்பது வாரத்தில் ஒரு நாள் வாய்த்தால் பெரிது. ரிமோட் என் கையில். ஒரு ஆப்பைத் திறந்தேன், கீழே போனேன், வலது பக்கம் போனேன், ஒரு ட்ரெய்லரைப் பாதி பார்த்தேன். மகள் "இது வேணாம்பா" என்றாள். வெளியே வந்தேன். அடுத்த ஆப். நடுவில் சேனல்கள் பக்கம் ஒரு சுற்று. மணி ஒன்பதே முக்கால். "எதையாவது ஒண்ணைப் போடுப்பா, நான் எதுன்னாலும் பார்ப்பேன்" என்றார் அம்மா. அப்படிச் சொன்ன பிறகும் என்னால் ஒன்றைப் போட முடியவில்லை. பத்து மணிக்கு அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். மகள் எப்போதோ போனுக்குள் போயிருந்தாள்.

"உருப்படியா பார்க்க எதுவுமே இல்ல" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தேன்.

படுத்த பிறகு அந்த வாக்கியம்தான் உறுத்தியது. அது உண்மையில்லை. பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் படங்களும் தொடர்களும் எனக்கு இருக்கின்றன. பேருந்தில் போகும்போது நினைவுக்கு வரும், நண்பர்களோடு பேசும்போது நினைவுக்கு வரும். டிவி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றுகூட நினைவுக்கு வராது. எதிரே ஓடும் போஸ்டர் வரிசை அத்தனையையும் துடைத்துவிடுகிறது. இதை யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். என்ன பார்ப்பது என்பதை டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யக் கூடாது. அதற்கு முன்பே, வேறொரு நேரத்தில், முடிவாகியிருக்க வேண்டும்.

"டிவியில ஒண்ணுமே இல்ல" என்ற புலம்பல் பழையது. 1961 மே 9 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, டிவி நிலையங்களை நடத்துகிறவர்களின் கூட்டத்திலேயே எழுந்து நின்று, காலையில் ஒளிபரப்பு தொடங்குவதிலிருந்து ராத்திரி முடிகிறவரை உங்கள் நிலையத்தைப் பாருங்கள், ஒரு பரந்த பாழ்நிலத்தைத்தான் காண்பீர்கள் என்றார். அந்தப் பாழ்நிலம் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் அவர் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. டிவி நன்றாக இருக்கும்போது நாடகமோ பத்திரிகையோ எதுவுமே அதைவிடச் சிறந்ததில்லை என்பதையும் அதே பேச்சில்தான் சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது வரி முக்கியம். டிவியை நேசிக்கிற ஒருவரின் கோபம் அது.

மினோ பேசிய காலத்தில் சேனல்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கொடுத்ததைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அணைக்க வேண்டும். இன்றைக்குச் சிக்கல் தலைகீழ். நல்லது மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அதை நம் கண்ணில் காட்டுகிற ஏற்பாடு சரியில்லை. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அந்தப் போஸ்டர்கள். உங்கள் திரையிலும் என் திரையிலும் ஒரே படத்துக்கு ஒரே போஸ்டர் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களே இதை விளக்கி எழுதினார்கள். 'குட் வில் ஹண்டிங்' என்ற படம் அவர்கள் கொடுத்த உதாரணம். காதல் படங்கள் அதிகம் பார்க்கிறவருக்கு நாயகனும் நாயகியும் இருக்கிற காட்சி போஸ்டராக வரும். நகைச்சுவை பார்க்கிறவருக்கு நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸின் முகம் வரும். படம் ஒன்றுதான். அது ஒரு கனமான கதை என்பதோ, காயப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றியது என்பதோ இரண்டு போஸ்டரிலும் தெரியப்போவதில்லை. நம்மைப் பட்டனை அழுத்த வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த போஸ்டர் அது. அதைப் பார்த்து 'இது நமக்கானது, இது நமக்கானதில்லை' என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

அடுத்து '97% பொருத்தம்' என்று பார்த்திருப்போமே, அந்த எண். அதைப் பலர் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நாம் இதுவரை பார்த்ததை வைத்து, இதையும் பார்ப்போம் என்று போட்ட கணிப்பு அது. படம் நல்லதா என்ற கேள்விக்கும் அந்த எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அதிகம் பேர் பார்த்தது என்ற கணக்கையும் கொஞ்சம் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். 2020 தொடக்கத்தில் இதே நிறுவனம், ஒரு படத்தை இரண்டு நிமிடம் பார்த்தாலே அதை ஒரு பார்வையாகக் கணக்கில் சேர்ப்பதாக அறிவித்தது. இரண்டு நிமிடம் என்றால், தப்பாகத் திறந்துவிட்டோம் என்று புரிந்து வெளியே வருகிற நேரம். அடுத்த ஆண்டே, பார்த்த மணிநேரத்தை எண்ணும் முறைக்கு மாறினார்கள். நான் சொல்ல வருவது, எதை எண்ணுகிறார்கள் என்று தெரியாமல் எண்ணை நம்ப வேண்டாம்.

படத்துக்கு நாம் மதிப்பெண்ணாகப் போடுகிற நட்சத்திரங்களின் கதை இன்னும் சுவாரசியமானது. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி வைத்தது. ஒரு ஆள் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்பதைத் தங்கள் கணிப்பைவிடப் பத்து சதவீதம் துல்லியமாகச் சொல்கிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர். மூன்று வருஷம் உலகமெங்கும் கணிதம் படித்தவர்கள் மோதினார்கள். 2009-இல் ஒரு குழு பரிசை வென்றது. வென்ற அந்த முறையை நிறுவனம் முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. 2017-இல் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று கட்டைவிரலைக் கொண்டுவந்தார்கள். மனிதர்கள் ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், ஆனால் மூன்று நட்சத்திரம் போட்ட சாதாரணப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எது சிறந்தது என்று தெரிந்தவர் ஒருவர், வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிறவர் இன்னொருவர். முகப்புத் திரை பேசுவது இரண்டாமவரிடம் மட்டும்தான். முதலாமவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிற ஏற்பாடு அங்கே இல்லை.

முதலாமவரிடம் கேட்பதற்கு வழி இருக்கிறது. 1999-இல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், ஷோபனா கல்யாணராமன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பட்டியலைக் கொடுத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கே பார்ப்பதற்கு என்றால் லேசான, பரபரப்பான படங்களின் பக்கம் கை அதிகம் போனது. சில நாள் கழித்துப் பார்ப்பதற்கு என்றால் கனமான, நல்ல படங்களை அதிகம் எடுத்தார்கள். ஆட்களின் ரசனை அப்படியேதான் இருந்தது, தேர்ந்தெடுத்த நேரம்தான் வேறு. சனிக்கிழமை படத்தைச் செவ்வாய்க்கிழமை முடிவு செய்கிறவன் நல்ல படத்தை முடிவு செய்வான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு முடிவு செய்கிறவனுக்கு என் கதிதான்.

இதோடு இன்னொன்றையும் இழந்துவிட்டோம். முன்பு ஒரு சேனலில் என்ன வர வேண்டும் என்று பொறுப்பாக உட்கார்ந்து யோசிக்கிற ஒரு மனிதர் இருந்தார். இயற்கை ஆவணப்படங்களால் நமக்கெல்லாம் தெரிந்த டேவிட் அட்டன்பரோ, 1965 முதல் சில ஆண்டுகள் பிபிசி இரண்டாம் சேனலின் பொறுப்பாளராக இருந்தவர். வண்ண ஒளிபரப்பு வந்ததும், மனிதகுலம் படைத்த அழகான பொருட்களையெல்லாம் வண்ணத்தில் காட்ட வேண்டும் என்று நினைத்து, ஐரோப்பியக் கலை வரலாற்றைப் பதின்மூன்று பகுதித் தொடராக எடுக்க ஏற்பாடு செய்தார். 1969-இல் அது வெளிவந்தது. பார்வையாளர் அதைக் கேட்டாரா? இல்லை. அப்படி ஒன்று இருக்க முடியும் என்றே அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியாததை நம் முன்னால் கொண்டுவந்து வைக்க, ரசனையுள்ள ஒரு மனிதர் வேண்டும். நாம் பார்த்ததையே வைத்து அடுத்ததைக் கணிக்கிற அல்காரிதத்தால் அது முடியாது.

அப்படிப்பட்ட மனிதர்களை நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். "நல்லாருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்வார். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அவர் சொன்னது: "1964-ல பிரிட்டன்ல ஏழு வயசுப் பிள்ளைங்க பதினாலு பேரைப் பேட்டி எடுத்தாங்க. அப்புறம் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை அதே பிள்ளைங்களைத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. கிழவங்க ஆகுற வரைக்கும்." அவ்வளவுதான் சொன்னார். எந்த ட்ரெய்லரும் எனக்குள் அப்படி ஓர் ஆசையைக் கிளப்பியதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். போனில் எழுதலாம்தான். ஆனால் போனைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுகிறோம். யாராவது ஒரு படத்தையோ தொடரையோ சொன்னால் அதில் எழுதுகிறேன். பெயர், சொன்னது யார், ஏன் சொன்னார். இந்த 'ஏன்' மிக முக்கியம். ஆறு மாதம் கழித்து வெறும் பெயரைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. 'ஏழு வயது, மறுபடி ஏழு வருஷம் கழித்து' என்று எழுதியிருந்தால் உடனே பார்க்கத் தோன்றும். பிடித்துப்போன ஒன்றைப் பார்த்து முடித்ததும் அதை எழுதியவர், இயக்கியவர் பெயரைப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். ஒரு நடிகரைப் பின்தொடர்ந்து போய் ஏமாந்தது நிறைய. எழுத்தாளரைப் பின்தொடர்ந்து போய் ஏமாந்தது குறைவு. புதன், வியாழன் வாக்கில் நோட்டைப் புரட்டி, வார இறுதிக்கு ஒன்றை மகளும் நானும் முடிவு செய்துவிடுவோம். அது எந்த ஆப்பில் இருக்கிறது என்றும் அப்போதே பார்த்து வைத்துவிடுவோம். ராத்திரி டிவியைப் போட்டால் பெயரைத் தட்டச்சு செய்து நேராகப் போய்விட வேண்டும், முகப்புத் திரையில் நிற்கவே கூடாது. ஓடிடி இல்லாமல் சேனல் மட்டும் பார்க்கிறவர்களும் காலையிலேயே நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்துகிற வசதி செட்டிங்கில் இருக்கிறது. அதை நிறுத்தி வையுங்கள். ஒரு நல்ல எபிசோட் முடிந்த பிறகு வருகிற அந்த அமைதியில்தான் பேச்சு பிறக்கிறது.

தேர்ந்தெடுத்தது பிடிக்காவிட்டால்? பாதியில் நிறுத்தலாம், தப்பே இல்லை. 'மூணாவது சீசன்ல இருந்து நல்லா போகும்' என்று யாராவது சொன்னால் நான் அதை எழுதிக்கொள்வதே இல்லை.

"நாள் பூரா உழைச்சுட்டு வர்றவனுக்கு எதுக்குங்க இந்த வீட்டுப்பாடம்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. களைத்து வந்தவர் சிரிப்புப் படம் பார்ப்பதையோ, ஏற்கெனவே பத்து முறை பார்த்ததைப் பதினோராவது முறை பார்ப்பதையோ நான் குறை சொல்லவே மாட்டேன். என் நோட்டில் நகைச்சுவைக்கு என்றே கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு மணிநேரத் தேடல் இருக்கிறதே, அது ஓய்வு இல்லை. அது இன்னொரு வேலை. களைத்தவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த பிரிட்டன் பிள்ளைகளின் தொடரை எடுத்தோம். இங்கிலீஷ்தான், மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் படம் கறுப்பு வெள்ளை. அதில் நீல் என்று ஒரு பையன். துள்ளிக் குதித்துக்கொண்டு தெருவில் வருகிறான், பெரியவனானால் விண்வெளி வீரன் ஆவேன் என்கிறான். அம்மாவுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. அடுத்தடுத்த நாள் ராத்திரிகளில் பதினான்கு வயது, இருபத்தொன்று. அதன் பிறகு இருபத்தெட்டு வயதில் அவன் ஸ்காட்லாந்தில் வீடு வாசல் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தான். குளிரில், தனியாக, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு பேசுகிறான்.

படம் முடிந்தது. அடுத்தது தானாக ஓடவில்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார் அம்மா.

"சொல்ல மாட்டேன் பாட்டி, நீயே பாரு" என்றாள் மகள்.

"அப்ப நாளைக்கு எட்டரைக்கே போட்டுடு. ஒன்பது மணின்னா எனக்குத் தூக்கம் வந்துடுது."