அந்தக் கயிற்றை அவர் விட்டிருக்கவே வேண்டாம்

கயிறு இறுகிவிட்டது. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அப்புறம் எதற்கு அவர் சாக வேண்டும்?

இதைக் கேட்டது பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகன். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அண்ணன் வீட்டில், டிவியில் 'கிராவிட்டி' என்ற ஹாலிவுட் விண்வெளிப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டான். கேள்வி முடிவதற்குள் அண்ணன் சொன்னார்: "படத்தைப் படமா பாருடா. சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல எல்லாம் லாஜிக் பார்க்கக் கூடாது." பையன் வாயை மூடிக்கொண்டான். எனக்கு அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

அறிவியலைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒரு படம் வருகிறது. அதில் லாஜிக் பார்க்கக் கூடாது என்றால் வேறு எதில் பார்ப்பது? அந்தப் பையனின் அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். பரீட்சைக்காக அதை உருப்போட வைக்கிறோம். அதே விதியை ஒரு படத்தில் பொருத்திப் பார்த்து, சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்கிறான். அவனைத் தட்டிக்கொடுக்காமல் வாயை அடைத்தால் எப்படி?

சரி, அந்தக் காட்சிக்கு வருகிறேன். அவன் கேட்டதில் எவ்வளவு நியாயம் என்று பாருங்கள்.

விண்ணில் பூமியைச் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கப் போன இடத்தில் விண்வெளிக் குப்பை வந்து மோதி எல்லாம் சிதறிவிடுகிறது. உயிரோடு மிஞ்சியவர்கள் இரண்டே பேர். சாண்ட்ரா புல்லக் நடித்த ரயன் ஸ்டோன், ஜார்ஜ் குளூனி நடித்த மேட் கோவால்ஸ்கி. கோவால்ஸ்கியின் முதுகில் இருக்கும் உந்துபொறியை வைத்து, கயிறு கட்டிக்கொண்டு சர்வதேச விண்வெளி நிலையம் வரை வந்துவிடுகிறார்கள். எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. வேகம் குறைக்க முடியாமல் நிலையத்தின் மேல் மோதி, உருண்டு, பிடி கிடைக்காமல் தாண்டிப் போகிறார்கள். அங்கே பரவிக் கிடக்கும், சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலத்தின் பாராசூட் கயிறுகளில் ஸ்டோனின் கால் சிக்குகிறது. தன்னைக் கடந்து போகும் கோவால்ஸ்கியின் கயிற்றை அவள் எட்டிப் பிடித்துவிடுகிறாள்.

இது வரைக்கும் அற்புதம். மூச்சு விடாமல் பார்த்தேன்.

அவள் பிடித்த கயிறு இறுகுகிறது. பாராசூட் கயிறும் இறுகுகிறது. இருவரும் நிலையத்தோடு கட்டுண்டு நிற்கிறார்கள். பேசுகிறார்கள். நிதானமாகப் பேசுவதற்கு நேரம் இருக்கிறது. "என்னை விட்டுவிடு, இல்லாவிட்டால் உன்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவேன்" என்கிற அர்த்தத்தில் அவர் சொல்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். அவர் கொக்கியைக் கழற்றுகிறார். கழற்றிய நொடியில், மலை உச்சியிலிருந்து கைவிட்டவர் போல, அவர் பாட்டுக்குத் தள்ளித் தள்ளிப் போகிறார்.

எது இழுத்தது அவரை? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மலையில் தொங்குகிறவரைப் பூமி கீழே இழுக்கிறது. அவர் கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே இருப்பவரைக் காப்பாற்றினால் அதற்குப் பெயர் தியாகம். இங்கே நிலையம், ஸ்டோன், கோவால்ஸ்கி மூவரும் ஒரே வேகத்தில், நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றாகப் பூமியைச் சுற்றுகிறார்கள். ஒருவரைப் பொறுத்து இன்னொருவர் அசையவில்லை. அவர் வேகமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார், உண்மைதான். அந்த வேகத்தைக் கயிறு தின்றுவிட்டது. கயிறு இறுகி ஆளை நிறுத்தியது என்றாலே அதுதான் பொருள். நின்ற பிறகு கொக்கியைக் கழற்றினால் அவர் கழற்றிய இடத்திலேயே மிதந்துகொண்டிருப்பார். கழற்றாமல் இருந்தாலோ, இறுகிய கயிறு சுருங்கும்போது இருவரையும் சேர்த்து நிலையத்தை நோக்கி இழுத்து வந்திருக்கும். ஸ்டோன் கையை மடக்கி ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும், அவள் பக்கம் வந்திருப்பார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவர் போன அடுத்த நொடியே கயிறு சுருங்கி ஸ்டோனை நிலையத்தின் பக்கம் இழுத்து வருவதைப் படமே காட்டுகிறது! அவளை இழுத்து வந்த அதே கயிறு அவரையும் இழுத்து வந்திருக்காதா? இரண்டு பேர் எடை என்பதால் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கும். அவ்வளவுதானே?

பாராசூட் கயிறு இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் விட்டார் என்று சிலர் வாதாடுவார்கள். வழுக்கும் கயிறும் வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. நிலையம் சுழன்றுகொண்டிருந்திருக்கலாம், அந்த விசை வெளியே தள்ளியிருக்கும் என்று இன்னும் சிலர் கிளம்புவார்கள். அப்படிச் சுழல்வதாகப் படம் எங்கே சொல்கிறது? படம் சொல்லாததை எல்லாம் பார்க்கிறவன் இட்டு நிரப்ப வேண்டும் என்றால், கதை எழுதியவர்கள் எதற்கு?

அன்று ராத்திரி பையனை அப்படியே தூங்க விட எனக்கு மனசு வரவில்லை. கேரம் போர்டை எடுத்து வரச் சொன்னேன். பவுடரைத் தாராளமாகக் கொட்டினோம். ஒரு காயில் நூலை டேப் போட்டு ஒட்டி, நூலின் மறுநுனியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, ரப்பர் பேண்டைப் போர்டின் சட்டத்தில் மாட்டினோம். காயைச் சுண்டினான். வேகமாக ஓடியது, நூல் இறுகியது, நின்றது, ரப்பர் இழுத்ததில் கொஞ்சம் திரும்பியும் வந்தது. மறுபடி சுண்டினான். பத்துத் தடவைக்கு மேல் செய்திருப்போம். ஒரு தடவைகூட, நின்ற காய் மறுபடி கிளம்பி முன்னால் ஓடவில்லை. கடைசியில், நின்ற இடத்தில் வைத்தே நூலைக் கத்தரித்தோம். காய் அங்கேயே கிடந்தது. "போர்டில் உராய்வு இருக்கிறதே" என்றார் அண்ணன். இருக்கிறது. உராய்வு ஓடுவதைத்தான் நிறுத்தும். நின்றுவிட்டதை அது எங்கேயும் தள்ளிக்கொண்டு போகாது. நின்ற காய் தானாகக் கிளம்ப வேண்டும் என்றால் ஏதோ ஒன்று தள்ள வேண்டும். "அப்போ அவர் சும்மாதான் செத்தாரா அத்தை?" என்று கேட்டான் பையன்.

ஆமாம். சும்மாதான் செத்தார்.

என் ஆத்திரமே அதுதான். அந்த மரணம்தான் படத்தின் இதயம். அதற்குப் பிறகு ஸ்டோன் எடுக்கும் ஒவ்வொரு மூச்சும் அவர் கொடுத்த மூச்சு. அந்தக் கடனில்தான் அவள் பூமிக்குத் திரும்புகிறாள். அந்த இடத்திலேயே ஓட்டை என்றால் நான் எதை நினைத்துக் கண் கலங்குவது?

சின்னத் தப்புகளைத் தோண்டி எடுப்பதே இவளுக்கு வேலை என்று நினைக்காதீர்கள். இதே படத்தில் இதைவிடப் பெரிய பொய்யை நான் முகம் சுளிக்காமல் விழுங்கினேன். படம் வந்த காலத்தில் ஹபிள் இருந்தது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டரில். உயரத்தை விடுங்கள், பாதையே வேறு. நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வில் ஹபிள் சுற்றுகிறது, 51.6 பாகை சாய்வில் நிலையம் சுற்றுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாதையைத் திருப்புவதற்கு மட்டும் நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். 1984-ல் உண்மையாகவே பறந்த முதுகு உந்துபொறியால் மாற்ற முடிந்த வேகம் நொடிக்குச் சுமார் 25 மீட்டர்தான்.

நாசாவுக்கே இது பெரிய தலைவலியாக இருந்தது. 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறி 7 பேர் இறந்த பிறகு, விண்ணில் கலம் பழுதானால் வீரர்கள் நிலையத்தில் தஞ்சம் புகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஹபிளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த வழி கிடையாது, ஏனென்றால் அங்கிருந்து நிலையத்தை எட்டவே முடியாது. அதனால் 2009 மே மாதம் கடைசித் தடவையாக ஹபிளைப் பழுது பார்க்க அட்லாண்டிஸ் கிளம்பியபோது, எண்டெவர் என்ற இன்னொரு விண்கலத்தை ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏதாவது ஆனால் போய் அழைத்து வருவதற்கென்றே ஒரு முழு விண்கலம்!

இதெல்லாம் தெரிந்தும் அந்தப் பயணத்தை நம்பினேன். அதை ஒப்புக்கொண்டால்தான் கதையே நகரும். 1817-ல் ஆங்கிலக் கவி கோலரிட்ஜ், வாசகன் தன் அவநம்பிக்கையை மனமுவந்து கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்பதைப் பற்றி எழுதினார். மனமுவந்து என்பதுதான் அதில் முக்கியம். அது நான் கொடுப்பது. வாங்கிக்கொண்டவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 'தி மார்ஷியன்' கதையில் செவ்வாயில் அடிக்கும் புயல் ஒரு ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்கும். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை, அந்தக் காற்றுக்கு அவ்வளவு பலம் வராது. நாவலை எழுதிய ஆண்டி வெயர், தெரிந்தேதான் அப்படி எழுதினேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கதை தொடங்க அவருக்கு அந்த ஒரு பொய் தேவைப்பட்டது. கேட்டார், கொடுத்தேன். அதற்கு அப்புறம் உருளைக்கிழங்கையும் தண்ணீரையும் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டுத்தான், செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட அந்த மனிதனை உயிரோடு வைத்திருந்தார்.

'கிராவிட்டி'யும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்த படம்தான். விண்வெளியில் ஒலியைக் கடத்த எதுவும் இல்லை என்று ஆரம்பத்திலேயே திரையில் எழுத்தாகப் போடுகிறார்கள். சொன்னபடியே, அத்தனை பெரிய அழிவையும் வெடிச் சத்தம் இல்லாமல் காட்டினார்கள். அதைப் பார்த்தபோது இயக்குநர் அல்ஃபோன்ஸோ குவாரோனை மனதாரக் கும்பிட்டேன். நாலு வருடத்துக்கு மேல் உழைத்து, முகத்தில் விழும் வெளிச்சத்துக்காகவே எல்.ஈ.டி. விளக்குகளால் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் நடிகர்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். 7 ஆஸ்கர் விருது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்கு, உயிர் போகிற அந்த ஒரு காட்சியில் கயிறு என்ன செய்யும் என்று பார்க்க நேரமில்லையா? மட்டமான படத்தில் ஓட்டை இருந்தால் எழுந்து போய்விடலாம். நல்ல படத்தில் இருந்தால்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

சரி செய்வதற்கும் பெரிய செலவு கிடையாது. கயிறு இறுகக் கூடாது, அவ்வளவுதான். அவள் எட்டிப் பிடிக்கிறாள், விரல் நுனியில் பட்டு வழுக்கிவிடுகிறது. எரிபொருள் இல்லை, நிறுத்த எதுவும் இல்லை, போன வேகத்திலேயே அவர் போய்க்கொண்டே இருப்பார். தியாகம்தான் வேண்டும் என்றால், இருவரும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, காலில் சிக்கிய கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும்போதே, அவர் ஒரு நொடியில் முடிவெடுத்துக் கழற்றட்டும். பேசக்கூட நேரமில்லாத தியாகம். அது இன்னும் பலமாக அடித்திருக்கும்.

கேட்டவன் வாயை அடைப்பது என் அண்ணன் மட்டும் செய்கிற வேலை இல்லை. 2013-ல் படம் வந்தபோது வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதே கயிற்றைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். ஸ்டோனின் தலைமுடி ஏன் மிதக்கவில்லை என்றும் கேட்டார். அவர் மேல் பாய்ந்தார்கள். எனக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது என்று அவர் தனியாக விளக்கம் எழுத வேண்டி வந்தது. 1998-ல் வந்த 'ஆர்மகெடான்' கதை அதற்கு மேல். விண்கல்லில் துளை போட வேண்டும் என்று எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு விண்வெளிப் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். விண்வெளி வீரர்களுக்குத் துளை போடக் கற்றுக்கொடுப்பது சுலபம் இல்லையா என்று அதில் நடித்த பென் அஃப்ளெக்கே இயக்குநர் மைக்கேல் பேயிடம் கேட்டாராம். வாயை மூடு என்று பதில் வந்ததாம். டிவிடிக்காகப் பதிவு செய்த வர்ணனையில் அஃப்ளெக்கே சொன்னது இது. நடிக்கிறவர் கேட்டாலும் வாயை மூடு, படிக்கிற பிள்ளை கேட்டாலும் வாயை மூடு.

எழுத எழுத இன்னொன்றும் சேர்ந்து எரிகிறது. இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 2013-ல், தியேட்டரில். கோவால்ஸ்கி போய்விட்டார். ஸ்டோன் தட்டுத் தடுமாறி நிலையத்துக்குள் நுழைந்து, அந்தக் கனமான உடையைக் கழற்றிவிட்டு, கருவில் இருக்கும் குழந்தை போல உடம்பைச் சுருட்டிக்கொண்டு அப்படியே மிதக்கிறாள். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. பொட்டென்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். இடைவேளை! படம் எடுத்தவர்கள் வைக்காத இடைவேளையை எந்த உரிமையில் வைத்தார்கள்? மொத்தப் படமே 91 நிமிடம். சமோசா விற்க ஒரு கால் மணி நேரம், அப்புறம் வரிசையாக நகைக்கடை விளம்பரம். மறுபடி இருட்டானபோது அவள் சுருண்டிருந்த காட்சி போயே போய்விட்டது, படம் வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.