ஊரூர் குப்பத்தில் கேன்டீன் எங்கே?

(சென்னை பெசன்ட் நகர் பக்கம், கடலோர மீனவர் குப்பம்.)

சார்: ஏம்மா, இந்த இடம் யாரோட பொறுப்புல இருக்கு?

அக்கா: இன்னாத்துக்கு கேக்குற? அளக்க வந்தியா?

சார்: அளக்கவா? நோட்டீஸ் கையில வச்சிருக்கேன். இடம் இதுதானான்னு பார்க்க வந்தேன்.

அக்கா: (உரக்க) அடியே, எல்லாரும் ஓடியாங்க! நோட்டீஸோட ஆள் வந்துகீது! ரேஷன் கார்டை எடுத்துனு வாங்க!

சார்: ரேஷன் கார்டு எதுக்கு? அனுமதி இலவசம்னுதானே போட்டிருக்கு?

அக்கா: எங்கூட்டுக்குள்ள பூர்றதுக்கு உனக்கு அனுமதி இலவசமா?

சார்: ஐயோ, கச்சேரி நோட்டீஸ்மா! சென்னை கலைத் தெரு விழா, எல்லையம்மன் கோவில் பக்கத்துல.

அக்கா: குப்பம் விழாவா! அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? 2015ல இருந்து பாக்குறோம். பேன்ட் சட்டை போட்டவன் வந்து நோட்டீஸ்னா, குப்பத்த காலி பண்ணி ஊருக்கு வெளிய இட்டுனு போய் போடுற கண்ணகி நகர்தான் சார் எங்களுக்கு ஞாபகம் வருது.

சார்: சரி சரி. ஹால் எங்க?

அக்கா: நீ நின்னுனு கீறியே, அதான்.

சார்: இது மணலாச்சே!

அக்கா: ஆமா. ஏசி கடல்லேர்ந்து வருது, கரண்டு பில்லு இல்ல.

சார்: கேன்டீன்?

அக்கா: அது இருக்கட்டும், காரை எங்க வுட்ட?

சார்: அதோ அங்க. பச்சையா கார்ப்பெட் விரிச்சிருந்தாங்க. வரவேற்பு பலமா இருக்கேன்னு மேலயே ஏத்திட்டேன்.

அக்கா: அடப்பாவி, அது வலை! காயப் போட்ருக்குது!

சார்: அதான் ஒரு வாசனை வந்துதா! இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டாமா? டி.எம். கிருஷ்ணா மாதிரி கர்நாடக சங்கீத வித்வானே முன்னால நின்னு ஆரம்பிச்ச விழா. மியூசிக் அகாடமியைப் பாரு, 1928லேர்ந்து நடக்குது. வரிசை, நம்பர், எல்லாம் கச்சிதம். இவங்க என்னடான்னா மாநகர பஸ்ஸுக்குள்ளகூட பாட்டுக் கச்சேரி வச்சாங்க.

அக்கா: கண்டக்டராண்ட கேன்டீன் எங்கன்னு கேட்டியா?

சார்: கிண்டல் பண்ணாதம்மா. மயிலாப்பூர் ராகசுதா ஹால்ல இவங்க பறையாட்டம் வச்சப்ப நான் போனேன் தெரியுமா?

அக்கா: அப்டியா! எப்டி இருந்துச்சு?

சார்: அருமை. வெளிய வந்தா லஸ்ல நல்ல காபி.

அக்கா: நான் பறையைக் கேட்டேன் சார்.

சார்: கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. நல்ல கலைதான், இல்லேங்கல. ஆனா எதுக்கும் ஒரு இடம் இருக்கு பாரு. இங்க மீன் நாத்தத்துல ஒரு தோடி ராகத்தைப் பாடினா...

அக்கா: தோடி இன்னா உன் மூக்காலயா கேக்குற? ஒரு மார்கழில எம் பொண்ணு பாட்டு கேக்கணும்னு அடம் புடிச்சா. இட்டுனு போனேன், பெரிய சபா. வாசல்ல செக்யூரிட்டி, ‘மீன் கூடையெல்லாம் பின் வாசல்ல எறக்கு’ன்றான். கையில கூடையே இல்ல சார். பட்டுப் பொடவை கட்டினு போயிருந்தேன். நீ எங்க வலை மேல காரை ஏத்திட்டு, எங்க வாசல்ல நின்னு நாத்தம்ன்ற. உன்னை யாராச்சும் பின் வாசலுக்குப் போன்னாங்களா?

சார்: (நெளிந்து) இல்ல... நான் பொதுவா சொன்னேன்.

அக்கா: பொதுவா போயி காரை எடு மொதல்ல.

(போகிறார். கார் நகர்கிறது. திரும்பி வருகிறார். மேடையில் பறை தொடங்குகிறது.)

சார்: அக்கா... டீயாவது கெடைக்குமா?

அக்கா: கம்முனு உக்காந்து கேளு.

சார்: (தொடையில் தாளம் போட்டபடி) அடேயப்பா, ஓரத்துல அந்தப் பொடியன் பிச்சு உதறுறான்! கணக்கு துளி பிசகல. யாரோட சிஷ்யன்?

அக்கா: எம் புள்ள சார். நாளைக்கு அவனுக்கு கணக்குப் பரீச்சை. எறங்கட்டும், கீது அவனுக்கு.