கோப்பைப் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்

அயர்லாந்தின் கிராமத்துக் கேலிக் கால்பந்து கிளப்கள் போட்ட வரலாற்று மலர்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பங்குத்தந்தையின் வாழ்த்துரை, தலைவரின் வாழ்த்துரை, பிறகு எந்த வருடம் எந்தக் கோப்பை, கேப்டன் யார், ஒரு குரூப் போட்டோ. கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் நூற்றாண்டான 1984ஐ ஒட்டி இப்படி நிறைய வந்தன. 2034இல் சங்கத்துக்கு 150 வயது ஆகிறது. அதற்கான மலர் வேலை தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது: கோப்பைப் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதலில் மைதானத்தைப் பற்றி எழுதுங்கள். அடுத்தது, ஆள் சேராத வருடங்களைப் பற்றி.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓட முடியாது. தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், அல்லது காலில் போட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வளர்ந்த பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, எதுவோ, பொதுவாக அதுதான் கிளப். வெளியூர்க்காரரைக் காசு கொடுத்துக் கூட்டிவர வழியில்லை. ஊரில் பிள்ளைகள் குறைந்தால் அணி குறையும், வேலை தேடி இளைஞர்கள் கிளம்பினால் அணி கலையும். அதனால்தான் கிளப்பின் கதையை ஊரின் கதையிலிருந்து பிரித்து எழுத முடியாது என்கிறேன்.

மைதானத்துக்கு வருவோம். விதிப்படி நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். கோடுகளுக்கு உள்ளே மட்டும் இரண்டரை ஏக்கருக்கு மேல் சமதளம் வேண்டும். சிறு விவசாயிகள் நிறைந்த மேற்கு அயர்லாந்தில் அப்படி ஒரு துண்டு சும்மா கிடைக்காது. ஆரம்பகாலக் கிளப்கள் யாராவது விவசாயி மாடுகளை ஓட்டிவிட்டுத் தருகிற மேய்ச்சல் நிலத்தில்தான் ஆடின. அவருக்கு மனம் மாறினால் அடுத்த வருடம் வேறு வயல். ஆக, 'எங்கள் மைதானம்' என்று மலரில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலம் யாரிடமிருந்து வந்தது? விலைக்கு வாங்கியதா, பங்குக்குச் சொந்தமானதா, பெரிய எஸ்டேட்டுகளை உடைத்து விவசாயிகளுக்குப் பிரித்துக்கொடுத்த நில ஆணையம் ஒதுக்கியதா? பத்திரத்தில் அறங்காவலர்கள் என்று யார் யார் பெயர் இருக்கிறது? அவர்கள் எல்லோரும் இறந்துபோய், புதியவர்களை நியமிக்காமலே விட்டிருந்தால், உடைமாற்றும் அறை கட்டக் கடனோ மானியமோ கேட்கிற நாளில்தான் சிக்கல் தெரியும். வரலாறு எழுதப் போய் இதைக் கண்டுபிடித்தால், கிளப்புக்கு அதுவே பெரிய உபகாரம்.

ஒரு கிளப்புக்கு மைதானம் என்றால் என்ன என்று பார்க்க, வடக்கு அயர்லாந்தின் அர்மா கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) தெற்கே உள்ள குராஸ்மக்லென் ரேஞ்சர்ஸைப் பாருங்கள். அயர்லாந்துக் குடியரசின் எல்லையை ஒட்டிய சிற்றூர். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மைதானத்தை ஒட்டியே முகாம் அமைத்தது. கிளப் நிலத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. தலைக்குமேல் ஹெலிகாப்டர் இரைய, பக்கத்தில் காவல் கோபுரம் நிற்க, அங்கேதான் பிள்ளைகள் பந்து பழகினார்கள். முகாம் மூடப்பட்டது 2007இல். இடையில் 1996 முதல் 2008 வரை தொடர்ந்து 13 முறை அர்மா கவுண்டியின் கிளப் சாம்பியன். அனைத்து அயர்லாந்துக் கிளப் பட்டம் 1997, 1999, 2000, 2007, 2011, 2012 என ஆறு முறை. முதல் மூன்று பட்டங்களுக்கும் பயிற்சியாளர் ஜோ கெர்னன். 2002இல் அர்மா கவுண்டிக்கு முதல் அனைத்து அயர்லாந்துப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தவரும் அவரே. ஆறு பட்டங்கள் என்று மட்டும் எழுதினால் இதில் எதுவுமே புரியாது. முகாமின் வேலியைப் பற்றி எழுதினால்தான், ஊர் ஏன் அந்தப் புல்வெளியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது விளங்கும்.

பழைய ஸ்கோர்களை இன்றைய கணக்கில் படிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. எழுதும் முறை எளிது: முதலில் கோல், பிறகு புள்ளி. 1-4 என்றால் ஒரு கோல், நான்கு புள்ளி, மொத்தம் 7. ஆனால் 1892க்கு முன் எத்தனை புள்ளி எடுத்தாலும் ஒரு கோலுக்கு ஈடாகாது. 1892இல் கோலுக்கு 5 புள்ளி என்று ஆனது. 1896இல்தான் 3 ஆனது. ஆக, 1-0க்கு எதிராக 0-4 எடுத்த அணி 1890இல் தோற்றது, 1894இலும் தோற்றது, 1897இல் வென்றது. 'மூன்றுக்கு நான்கு என்று ஜெயித்த நம் அணியை ஏமாற்றிவிட்டார்கள்' என்று மலரில் கோபப்படுவதற்கு முன் ஆண்டைப் பார்க்க வேண்டும். முதல் அனைத்து அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் லிமெரிக் கமர்ஷியல்ஸ் 1-4 என்று டண்டாக் யங் அயர்லாண்ட்ஸை வென்றது, எதிரணிக்கு 0-3. 1892ஆம் ஆண்டுப் பட்டத்துக்கான இறுதியிலும் அதே 1-4, 0-3தான். அதில் கெர்ரி கவுண்டிக்காக ஆடித் தோற்றது கில்லோர்க்ளின் ஊரின் லான் ரேஞ்சர்ஸ் கிளப். எண்கள் ஒன்றே. ஆனால் முந்தையதில் ஆடியவர்கள் ஓர் அணிக்கு 21 பேர், பிந்தையதில் 17 பேர். கோலின் மதிப்பும் வேறு. 15 பேர் என்றானது 1913இல். 1910 வரை கோல் கம்பங்களுக்கு இருபுறமும் தனியாகப் புள்ளிக் கம்பங்கள் நின்றன. இன்று நாம் பார்க்கிற ஹெச் வடிவம் அதற்குப் பிறகு வந்தது. இந்தக் குழப்பம் பழங்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 புள்ளி. அதுவும் அதே புள்ளி எண்ணுக்குள்தான் சேர்கிறது. இப்போதே தனியாகக் குறித்து வைக்காவிட்டால், ஐம்பது வருடம் கழித்து 2-18ஐப் பார்க்கிறவருக்கு எத்தனை உதையில் வந்தது என்று தெரியாது.

ஆண்டையும் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் இறுதி 1887ஆம் ஆண்டுப் பட்டத்துக்கானது. ஆடியதோ 1888 ஏப்ரலில். 'ஜூனியர் சாம்பியன்' என்று பார்த்ததும் சிறுவர் அணி என்று எண்ணிவிடாதீர்கள். சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் எல்லாம் வயது வந்தவர்களின் தரவரிசை. வயதைக் குறிக்கிற பெயர் மைனர்.

பெயர்கள் விஷயத்தில்தான் பொறுமை அதிகம் தேவை. வாரப் பத்திரிகை 'எம். வால்ஷ்' என்று மட்டும் போட்டிருக்கும். அதே பங்கில் மைக்கேல் வால்ஷ், மார்ட்டின் வால்ஷ், அவர்களுடைய சித்தப்பா பிள்ளைகள் என்று நாலைந்து பேர் இருப்பார்கள். ஆட்ட நடுவரிடம் கொடுக்கிற பட்டியல் ஐரிஷ் மொழியில் இருக்கும். அதில் வால்ஷ் என்பவர் பிரெனாக் ஆகிவிடுவார். 1901, 1911 சென்சஸ் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வயது, எழுத்தறிவு, தொழில், வீட்டில் யார் யார் என்று குக்கிராமம் வாரியாக இருக்கும். பத்திரிகைப் பட்டியலை அதோடு ஒட்டிப் பாருங்கள். பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் இருக்கிற எம். வால்ஷ் ஒருவர்தான் என்றால் நல்லது. இருவர் என்றால் இருவர் பெயரையும் எழுதிவிட்டு, எவர் என்று உறுதியில்லை எனக் குறித்துவிடுங்கள். பிடித்தவரைத் தேர்ந்தெடுத்து எழுதினால், அடுத்த மலர் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளும். 1971 வரை ரக்பி, சாக்கர் போன்ற ஆட்டங்களை ஆடினால் சங்கத்திலிருந்து நீக்கம் என்ற விதி இருந்ததால், பொய்ப்பெயரில் ஆடியவர்களும் உண்டு. அதையெல்லாம் ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்வார்கள்.

அணி இல்லாத வருடங்களை மலர்கள் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1890களின் தொடக்கத்தில் தேசியத் தலைவர் பார்னெலின் விவாகரத்து வழக்கு விவகாரம் நாட்டைப் பிளந்தபோது எத்தனையோ கிளப்கள் படுத்துவிட்டன. பல ஊர்களில் தொடக்க ஆண்டு என்று இரண்டு மூன்று ஆண்டுகள் வழங்குவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்: கிளப் செத்திருக்கும், பிறகு வேறு பெயரில் எழுந்திருக்கும். 1922-23 உள்நாட்டுப் போர் முடிந்த கெர்ரியில், எதிரெதிர் அணியில் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒரே சட்டையில் ஆடினார்கள். குடியரசு அணியிலிருந்த ஜோ பாரெட், அரசுப் படையின் கேப்டனாக இருந்த கான் பிராஸ்னனுக்கு 1931இல் கெர்ரியின் தலைமையை விட்டுக்கொடுத்தார். அவரவர் ஊர்க் கிளப்களில் அந்தப் பத்து வருடம் எப்படிக் கழிந்தது என்று எழுதாத மலர் எனக்குக் குறைபட்ட மலர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே புலம்பெயர்வு. லீட்ரிம் கவுண்டியில் 1841இல் ஒரு லட்சத்து 55 ஆயிரம் பேர். 1996இல் 25 ஆயிரம். 1927க்குப் பிறகு லீட்ரிம் அடுத்த கானாக்ட் மாகாணப் பட்டத்தை எடுத்தது 1994இல் என்றால், எண்ணைப் பார்த்த பிறகு ஆச்சரியம் எடுத்ததில்தான், தாமதத்தில் இல்லை. விதிப்படி 13 பேரோடு ஆட்டம் தொடங்கலாம், இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் 15 பேர் இறங்கியிருக்க வேண்டும். இந்த விதி தேவைப்பட்ட ஆட்டங்களைத் தேடி எழுதுங்கள். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் போனவர்களின் டிரான்ஸ்ஃபர் பதிவுகள், பக்கத்துப் பங்கோடு சேர்ந்து சிறுவர் அணி அமைக்க எடுத்த தீர்மானம், அந்தக் கூட்டத்தில் நடந்த சண்டை, எந்தப் பங்கின் சட்டை நிறத்தை வைப்பது என்ற வாக்கெடுப்பு, இவையெல்லாம் கூட்டக் குறிப்புகள் எழுதும் மினிட் புத்தகத்தில் கிடக்கின்றன. அதை விட்டுவிட்டுக் கோப்பை போட்டோவுக்கு முழுப் பக்கம் கொடுப்பது அநியாயம்.

பெண்கள் அணி மலர்களில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுவதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. 1974இல் தொடங்கிய மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கம் தனி அமைப்பு. அதன் கணக்கும் கடிதங்களும் வேறொரு செயலாளரின் வீட்டில் இருக்கும். ஆண்கள் கிளப்பின் பெட்டியை மட்டும் திறந்தால் அவர்கள் இல்லாதது மாதிரியே தெரியும். அந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

போட்டோக்களுக்கு ஒரே வழிதான்: அசலைத் தொடாமல் பெரிதாக ஒரு நகல் எடுத்து, பின்வரிசையில் இடமிருந்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, எண்பது வயதைத் தாண்டிய இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் குரலை உயர்த்துகிறவர் சொன்னதே முடிவாகிவிடும். இருவரும் ஒத்துப்போகிற பெயர்களை மட்டும் உறுதி என்று எழுதுங்கள்.

1930களின் மினிட் புத்தகம் ஈரம் படாமல் இருந்தால் இன்றும் படிக்கலாம். கடந்த பதினைந்து வருடத்து முடிவுகளோ வாட்ஸ்அப்பிலும் பழைய செயலாளரின் போனிலும் இருக்கின்றன. போன் மாறினால் போயிற்று. ஆகவே இந்த சீசனின் அணிப் பட்டியல்கள், ஆண்டுக் கூட்ட அறிக்கை, கணக்கு ஆகியவற்றைத் தேதி, மைதானம், போட்டியின் பெயரோடு அச்செடுத்து, ஒரு பிரதியைக் கிளப்பிலும் இன்னொன்றைக் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவிலும் சேர்த்துவிடுங்கள்.