தனிப் பின்னொட்டு கொடுத்தால் பிள்ளைகள் தப்பிவிடுவார்களா?

ஆபாசத் தளங்கள் அனைத்தையும் ஒரே பின்னொட்டின் கீழ் (அதாவது, 'டாட் காம்' போல இணைய முகவரியின் கடைசியில் வரும் பகுதியின் கீழ்) கொண்டுவரச் சொல்லி, அந்தப் பின்னொட்டை நாடு முழுக்க முடக்கிவிட்டால் போதும் என்று கீழக்கரையில் நண்பர்கள் சிலர் மனு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிவருகிறார்கள். அவர்களுடைய கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் நான் கையெழுத்திடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர்கள் கேட்கும் பின்னொட்டு ஏற்கெனவே இருக்கிறது. 'டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' வேண்டும் என்று ஐ.சி.எம். ரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் 2000-இலேயே விண்ணப்பித்தது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2007-இல் அதை நிராகரித்து, பின்னர் நடுவர் குழுவின் முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்ததால் 2011 மார்ச்சில் அனுமதித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மத அமைப்புகள் இது ஆபாசத்துக்குக் கொடுக்கும் அங்கீகாரம் என்று எதிர்த்தன. ஆபாசப்பட வியாபாரிகளின் சங்கமோ, தங்களை ஓரிடத்தில் ஒதுக்கி முடக்குவதற்கான வழி என்று எதிர்த்தது. யாருக்காகத்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். பழைய 'டாட் காம்' முகவரியை விட்டு வெளியேற வேண்டும் என்று எந்தத் தளத்துக்கும் கட்டாயம் இருக்கவில்லை. எனவே விரும்பியவர்கள் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் வாங்கினார்கள். இந்தத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் பணம் கட்ட நேர்ந்தது: தங்கள் பெயரில் வேறு யாரோ இப்படியொரு தளம் திறந்துவிடக் கூடாதே என்று அஞ்சி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தங்கள் பெயர்களைத் தாங்களே வாங்கிப் பூட்டிவைத்தன. இதைப் பாதுகாப்பு என்பதா, மாமூல் என்பதா?

கட்டாயமாக்கிவிடலாமே என்பார்கள். அப்படியானால் எது ஆபாசம் என்று முடிவு செய்வது யார்? மகளிர் குழுக் கூட்டத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான சுயபரிசோதனையைச் செவிலியர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி விளக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் தெரிகிறது என்பதற்காக அதையும் அந்தப் பின்னொட்டுக்குத் தள்ளுவார்களா? உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே வரையறை சாத்தியமில்லை என்று இணையத் தொழில்நுட்ப வல்லுநர் டொனால்ட் ஈஸ்ட்லேக் 2004-இலேயே, ஆர்எஃப்சி 3675 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில், தொழில்நுட்பச் சிக்கல்களோடு சேர்த்து விரிவாக எழுதிவிட்டார்.

முடக்குவதும் நாம் பார்க்காதது அல்ல. 2015 ஜூலை இறுதியில் 857 தளங்களை முடக்கச் சொன்ன மத்திய அரசு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே உத்தரவைத் தளர்த்தியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து மீண்டும் 827 தளங்கள் முடக்கப்பட்டன. சற்றே மாற்றிய முகவரிகளில் அவற்றுள் சில உடனே திரும்பி வந்தன.

நம் ஊருக்கென்றே ஒரு சங்கதியும் இருக்கிறது. துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால், அங்கே வேலை பார்க்கும் வாப்பாவின் முகம் பார்த்துப் பேசுவதற்காக, வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டித் தடையைத் தாண்டவைக்கும் விபிஎன் என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. துபாயில் இருக்கும் வாப்பா தன் கைப்பேசியில் எந்தச் செயலியை இறக்க வேண்டும், எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே எட்டாம் வகுப்புப் பையன்தான். அவனைப் பின்னொட்டை முடக்கி நிறுத்திவிடலாம் என்று நம்புவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. விபிஎன் தெரியாத பையனுக்கும், பாம்பனிலோ தொண்டியிலோ, டெலிகிராம் குழுவில் வந்து விழும் காணொளிக்கு முகவரியும் கிடையாது, பின்னொட்டும் கிடையாது.

இதே உழைப்பை வேறொன்றில் செலுத்தலாம். தன் அந்தரங்கப் படம் பரவுவதாகப் பாதிக்கப்பட்டவரே புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்கு மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டளையிட்டன. அப்படியொரு புகாரை எப்படி எழுதுவது, தேசிய சைபர் குற்றத் தளத்தில் எங்கே பதிவது என்று நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கென்று மனு எழுதினால், அதில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.