இலையை விடுங்கள், செலெரியோவின் வரிகளைப் பாருங்கள்

பிலிப்பைன்ஸ் பாடலாசிரியர் லெவி செலெரியோ என்றாலே எல்லாரும் இலையைத்தான் சொல்வார்கள். ஒற்றை இலையை உதட்டில் வைத்து முழுப் பாட்டையும் வாசிப்பார், கின்னஸ் புத்தகம் வரை போன வித்தை. அடுத்தது, 4,000 பாட்டு எழுதினார் என்ற கணக்கு. இரண்டுமே அவரைக் குறைத்துக் காட்டுகின்றன என்பேன். மனிதர் மெட்டுக்கு எழுதுவதில் மன்னன்.

1910-இல் மணிலாவின் டோண்டோவில் பிறந்தவர். மணிலா சிம்ஃபனி இசைக்குழுவில் வயலின் வாசித்தார். மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிய, பாட்டெழுத வந்தார். 1997-இல் பிலிப்பைன்ஸின் தேசியக் கலைஞர் ஆனார். இசைக்கும் இலக்கியத்துக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். 2002-இல் காலமானார்.

‘சா உகோய் நங் துயான்’ என்ற தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு லூசியோ சான் பெத்ரோ. முதல் வரி: ‘சனாய் தி மக்மாலிவ் / அங் தாத்தி கோங் ஆராவ்’. அடுத்த வரியோடு சேர்த்து, அம்மா பக்கத்தில் இருந்த அந்தப் பழைய நாள் மங்காமல் இருக்கட்டும் என்கிறான் பாடுகிறவன். அசையை எண்ணுங்கள்: 6, ஒரு நிறுத்தம், மறுபடி 6. கவிஞர் பலக்தாஸ் 1838-இல் ‘ஃப்ளோரான்டே அட் லாரா’ காவியத்தை எழுதிய அதே பன்னிரண்டசை யாப்பு. மூன்றாம் நான்காம் வரிகளில் அது 6+8 ஆகிறது. மெட்டு நீள்கிற இடத்தில் சும்மா ‘ஆ... ஆ...’ என்று இழுத்து அடைக்காமல், அர்த்தமுள்ள சொல்லையே கூடுதலாக வைக்கிறார்.

இயைபு, அதாவது வரிக் கடைசியின் ஒலி ஒற்றுமை, இன்னும் அழகு. நான்கு வரியின் கடைசிச் சொற்கள்: ஆராவ், நானாய், மஹால், துயான். நம் காதுக்கு இது இயைபே இல்லை. இந்தப் பாட்டின் மொழியான தகலோக்கின் மரபில் கடைசி உயிர் ஒன்றாக இருந்து, மெய் ஒரே இனத்தில் வந்தால் போதும். அந்தக் கணக்கில் வ், ய், ல், ன் எல்லாம் மெல்லிய இனம். நான்கு வரியும் ஒரே இயைபில் நிற்கின்றன, எங்கும் வலிந்து திணித்த சொல் இல்லை.

தகலோக்கில் மெட்டுக்கு எழுதுகிறவர் சறுக்கும் இடம் அழுத்தம். ‘அசோ’வில் முதல் அசையை அழுத்தினால் நாய், இரண்டாவதை அழுத்தினால் புகை. தாளத்தின் அடி தப்பான அசையில் விழுந்தால் பாட்டு கேலிக்கூத்து. தத்தகாரத்தை மட்டும் எண்ணி நிரப்புகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு, அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாடே டிசம்பரில் பாடும் ‘அங் பாஸ்கோ ஆய் சுமாபித்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பலர் அவர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். அது 1933-இல் செபு தீவில், செபுவானோ மொழியில் பிறந்த ‘கசத்யா நிங் தக்னா’. மெட்டு விசெந்தே ரூபி, செபுவானோ வரிகள் மாரியானோ வெஸ்தில். செலெரியோ பின்னால் தகலோக் வரிகளை எழுதினார். பாட்டைப் பகிர்கிறவர்கள் மூன்று பெயரையும் போடுங்கள், ரூபி பெயரை முதலில்.