பஸ் காசு தெரிந்த டாக்டர்

ஒவ்வொரு வருஷமும் மெடிக்கல் கவுன்சிலிங் முடிந்ததும் ஒரு போட்டோ வரும். ஓட்டு வீட்டு வாசல், லட்டு ஊட்டும் அம்மா, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு பிள்ளை. நானும் லைக் போடுகிறவன்தான். ஆனால் கதையை அங்கேயே முடித்துவிடுகிறோமே என்றுதான் உறுத்துகிறது. பட்ட கஷ்டத்தை டாக்டரான பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி எங்கள் கரிசல் காட்டுக்காரர். 1918இல் அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். ஆற்று மணலில் எழுதிப் படித்தவர். ஊரில் டாக்டர் கிடையாது. சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து ராணுவத்துக்குப் போனார். அங்கே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் பக்கம் திரும்பி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார்.

எல்லோரும் அந்த விரல்களிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பஸ்.

ஆபரேஷன் இலவசம் என்றாலும் ஜனம் வராது. பஸ்ஸுக்குக் காசு வேண்டும், சாப்பாட்டுக்கு வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் கூலி போகும். எங்கள் அப்பத்தாவுக்குப் புரை முற்றி ஆள் அடையாளம் தெரியாமல் போன பிறகும் மதுரைக்குக் கிளம்பவில்லை. சித்தப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கூலி போய்விடுமாம். "தெரிஞ்சு நான் என்னத்தப் பாக்கப் போறேன்?" என்று உட்கார்ந்துவிட்டது. அரவிந்த்காரர்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, பார்த்த கையோடு பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அதற்குக் கண் கிடைத்தது.

இல்லாத வீட்டுக் கணக்கு தெரிந்தவர்கள்தான் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடியும் என்பது என் எண்ணம். இரக்கம் யாருக்கும் வரும். பஸ் காசு எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

1976இல், 58 வயதில், அரசு வேலையில் ரிட்டயர் ஆனதும் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்தை ஆரம்பித்தார். பென்ஷனோடு ஈசி சேரில் சாய்கிற வயசு. வீடு அடமானத்துக்குப் போனது. தங்கை, தங்கை வீட்டுக்காரர் என்று குடும்பமே கூட நின்றது. காசு கொடுக்கிறவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்த்தார்கள். இதைத் 'தர்மாஸ்பத்திரி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. தர்மம் செய்கிறவர்கள் லென்ஸ் கம்பெனி வைப்பார்களா?

2006இல் அவர் காலமானார். அப்பத்தாவுக்கு அவர் பெயர் கடைசிவரை தெரியாது. யார் கேட்டாலும், "மதுர பஸ்ஸுல போயி கண்ணு வாங்கியாந்தேன்" என்றுதான் சொல்லும்.