பீட்டர் செக் 2006-இல் ஓய்வு பெறவில்லை

அண்ணா, தேவனாம்பட்டினம் மணலில் கோல்கீப்பராக நிற்கும் நம்ம பையன்களுக்காக, "மண்டை உடைந்த அன்றே பீட்டர் செக்கின் ஆட்டம் முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. செக், இங்கிலாந்தின் செல்சி கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தவர். அடிபட்டது உண்மைதான்: 2006 அக்டோபர் 14, எதிரணியான ரெடிங்கின் ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது, மண்டையோட்டு எலும்பு உள்ளே அமுங்கியது, அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனால் 2007 ஜனவரியிலேயே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். 2012-இல், ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் பயர்ன் அணியின் ராபன் அடித்த பெனால்டியைப் பிடித்தாரே, அதே கவசத்தோடுதான்! (பயர்ன் ரசிகர்கள் மன்னிக்கவும்.) ஓய்வு 2019-இல். அப்புறம் ஐஸ் ஹாக்கியிலும் போய்க் கோல்கீப்பராகவே நின்றார்.